'தூங்குமூஞ்சி' என்று திட்டும் முன்... மூளைக்குள் இருக்கும் 70,000 செல்களின் கதை!

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில், 1970-களில் தொடங்கி சில பத்தாண்டுகள் ஒரு விநோதமான நாய்க் கூட்டம் இருந்தது. டாபர்மேன், லாப்ரடார் என்று எல்லாம் திடகாத்திரமான நாய்கள்தான். பிடித்த சாப்பாட்டை வைத்தால் வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வரும். ஒரு வாய் கவ்வும். உடனே பின்னங்கால்கள் மடங்கும், தலை சரியும், அப்படியே தரையில் துவண்டு விழும். கொஞ்ச நேரத்தில் எழுந்து, எதுவுமே நடக்காததுபோல அடுத்த வாய்க்குப் போகும். மறுபடியும் விழும்.

அது வலிப்பு இல்லை. மயக்கமும் இல்லை. விழுந்து கிடக்கும்போதும் நாய்க்கு நினைவு இருக்கும். அதை வீழ்த்தியது சந்தோஷம்! பிடித்த சாப்பாட்டைப் பார்த்த குஷியில் உடம்பின் தசைகள் எல்லாம் ஒரே நேரத்தில் தளர்ந்துவிடுகின்றன.

இந்த நாய்களுக்கு இருந்தது 'நார்கோலெப்ஸி' என்ற தூக்க நோய். இதே நோய் மனிதர்களுக்கும் உண்டு. பகலில், எத்தனை மணி நேரம் தூங்கி எழுந்திருந்தாலும், அடக்க முடியாத தூக்கம் வரும். ஜோக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தால் முட்டி மடங்கும், தாடை தொங்கும், கையில் இருக்கும் டம்ளர் நழுவும். 1880-லேயே ஜெலினோ என்ற பிரெஞ்சு மருத்துவர் இதற்குப் பெயர் வைத்துவிட்டார். ஆனால், ஏன் இப்படி ஆகிறது என்று கண்டுபிடிக்க அதன்பிறகு 120 ஆண்டுகள் ஆயின.

விடை, மூளையில் சுரக்கும் ஒரு குட்டிப் புரதத் துணுக்கில் இருந்தது. அதைத் தேடிப்போன விஞ்ஞானிகள், தூக்கத்தோடு சேர்த்து பசி, உடல் எடை, ஹார்மோன் எல்லாம் ஒரே இடத்தில் முடிச்சுப் போட்டிருப்பதையும் பார்த்தார்கள்.

மூன்று லட்சம் ஆடுகள், ஒரு மில்லிகிராம்

முதலில், பெப்டைடு என்றால் என்ன? புரதங்கள் எல்லாம் அமினோ அமிலங்கள் என்ற மணிகளைக் கோத்த மாலைகள். மாலை நீளமாக இருந்தால் புரதம்; சின்னதாக இருந்தால் பெப்டைடு. சர்க்கரை நோயாளிகள் போட்டுக்கொள்ளும் இன்சுலினில் 51 மணிகள். பிரசவத்தின்போதும் தாய்ப்பால் கொடுக்கும்போதும் வேலை செய்யும் ஆக்ஸிடோசினில் வெறும் 9.

நம் மூளையின் அடிப்பகுதியில், கிட்டத்தட்ட ஒரு பாதாம் பருப்பு அளவில் 'ஹைப்போதலாமஸ்' என்ற பகுதி இருக்கிறது. உடம்பின் சூடு, தாகம், பசி, தூக்கம், வயதுக்கு வருவது, மன அழுத்தம் எல்லாவற்றுக்கும் உத்தரவு இங்கிருந்துதான் போகிறது. அந்த உத்தரவுகளில் பெரும்பாலானவை பெப்டைடு வடிவத்தில் போகின்றன.

இதை நிரூபிப்பதற்குள் இரண்டு பேருக்கு இடையே பெரிய போரே நடந்தது. ஒருவர் பிரான்ஸில் பிறந்த ரோஜர் கியுமன். இன்னொருவர் போலந்தில் பிறந்த ஆண்ட்ரூ ஷாலி. ஆரம்பத்தில் ஒரே இடத்தில் வேலை பார்த்தவர்கள், பிறகு அமெரிக்காவிலேயே தனித்தனி ஆய்வகம் வைத்துக்கொண்டு போட்டி போட்டார்கள். தைராய்டு சுரப்பியை இயக்குவதற்காக ஹைப்போதலாமஸ் அனுப்பும் ரசாயனம் எது என்பதுதான் கேள்வி. கியுமன் ஆட்டு மூளைகளைச் சேகரித்தார். ஷாலி பன்றி மூளைகளை. இறைச்சிக் கூடங்களிலிருந்து ஆய்வகத்துக்கு மூளைகள் டன் கணக்கில் வந்து இறங்கின. சுமார் 3 லட்சம் ஆடுகளின் ஹைப்போதலாமஸை அரைத்து வடிகட்டி, கடைசியில் கியுமன் குழுவுக்குக் கிடைத்த சுத்தமான பொருள்... ஒரு மில்லிகிராம்!

1969-ல் அதன் அமைப்பு தெரிந்தபோது, அதில் இருந்தவை மூன்றே மூன்று அமினோ அமிலங்கள். இந்த மூன்று மணி மாலை பிட்யூட்டரி சுரப்பிக்குப் போய்ச் சொன்னால், பிட்யூட்டரி டி.எஸ்.ஹெச் ஹார்மோனைச் சுரக்கும். அது கழுத்தில் இருக்கும் தைராய்டை வேலை வாங்கும். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் 'டி.எஸ்.ஹெச்' என்று ஒரு வரி பார்த்திருப்பீர்களே, அதற்கும் மேலே இருக்கும் முதலாளி இதுதான். 1977-ல் மருத்துவ நோபல் பரிசின் பாதியை கியுமனும் ஷாலியும் பகிர்ந்துகொண்டார்கள். மீதிப் பாதி, ரத்தத்தில் மிக நுண்ணிய அளவில் இருக்கும் ஹார்மோனைக்கூட அளந்து காட்டும் முறையைக் கண்டுபிடித்த ரோசலின் யாலோவுக்கு. இவ்வளவு சண்டை போட்ட இருவரும் ஒரே ஆண்டில், 2024-ல்தான் காலமானார்கள். கியுமனுக்கு அப்போது வயது 100, ஷாலிக்கு 97.

அதன்பிறகு மூளைப் பெப்டைடுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. மன அழுத்தத்தின்போது கார்டிசால் சுரக்கச் சொல்வது ஒன்று. வளர்ச்சி ஹார்மோனை விடுவிப்பது ஒன்று, அதை நிறுத்துவது இன்னொன்று. குழந்தைகள் பருவம் அடைவதைத் தொடங்கி வைப்பதில் முக்கியப் பங்கு வகிக்கும் 'கிஸ்பெப்டின்' என்று ஒன்று இருக்கிறது. பெயரைப் பார்த்து வேறு ஏதாவது நினைக்க வேண்டாம். அந்த மரபணு அமெரிக்காவின் ஹெர்ஷே என்ற ஊரில் கண்டுபிடிக்கப்பட்டது. அந்த ஊர் 'கிஸ்ஸஸ்' சாக்லேட்டுக்குப் பிரபலம். அதனால் வந்த பெயர்.

ஒரே பெப்டைடு, இரண்டு பெயர்கள்

1998. அமெரிக்காவில் இரண்டு குழுக்கள், ஒன்றுக்கொன்று தெரியாமல் ஒரே பொருளைக் கண்டுபிடித்தன. கலிஃபோர்னியாவில் லூயிஸ் டி லெசியாவும் அவர் குழுவினரும் அதற்கு 'ஹைப்போகிரெட்டின்' என்று பெயர் வைத்தார்கள். டெக்சாஸ் மாகாணத்தின் டல்லஸில் ஜப்பானிய விஞ்ஞானிகள் மசாஷி யனகிசாவாவும் டகேஷி சகுராயும் வேறு வழியில் வந்தார்கள். செல்களின் மேல் பூட்டுகள் மாதிரி ரிசப்டர்கள் இருக்கும். எந்தச் சாவி பொருந்தும் என்று தெரியாத பூட்டுகளை 'அநாதை ரிசப்டர்' என்பார்கள். அப்படி ஒரு பூட்டை எடுத்துவைத்துக்கொண்டு சாவியைத் தேடினார்கள். கிடைத்த பெப்டைடை எலிகளின் மூளையில் செலுத்தினால், அவை அதிகமாகச் சாப்பிட்டன. ஆகவே, பசியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'ஒரெக்சின்' என்று பெயர் சூட்டினார்கள். இன்றுவரை இரண்டு பெயர்களும் புழக்கத்தில் இருக்கின்றன. வாயில் சுலபமாக நுழைவதால் நாம் ஒரெக்சினையே வைத்துக்கொள்வோம்.

பசியைத் தூண்டும் பெப்டைடு என்றால், அது இல்லாத எலி ஒல்லியாகிவிட வேண்டுமே? டல்லஸ் குழு மரபணு மாற்றத்தின் மூலம் ஒரெக்சின் இல்லாத எலிகளை உருவாக்கியது. பகலில் பார்த்தால் பெரிய வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. எலி ராத்திரி நேரப் பிராணி ஆயிற்றே என்று, இருட்டில் படமெடுக்கும் அகச்சிவப்பு கேமராவை வைத்தார்கள். அப்போதுதான் தெரிந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த எலி சட்டென்று குப்புற விழுகிறது. சில நொடிகளில் எழுந்து மறுபடி ஓடுகிறது. முதலில் வலிப்பு என்றுதான் சந்தேகப்பட்டார்கள். மூளை அலைகளைப் பதிவு செய்து பார்த்தால், அது நார்கோலெப்ஸி!

அதே நேரத்தில் ஸ்டான்ஃபோர்டில், பிரான்ஸிலிருந்து வந்திருந்த எம்மானுவேல் மின்யோ அந்த நாய்களின் மரபணுக்களை அலசிக்கொண்டிருந்தார். சுமார் 10 ஆண்டு உழைப்பு. அவர் கண்டுபிடித்த கோளாறு, ஒரெக்சின் என்ற சாவி பொருந்த வேண்டிய பூட்டில் இருந்தது. எலியில் சாவி இல்லை. நாயில் பூட்டு உடைந்திருந்தது. இரண்டு ஆய்வுகளும் 1999 ஆகஸ்ட் மாதம், ஒரே ஆய்விதழில் வெளிவந்தன. பசியைத் தேடிப்போனவர்களும் தூக்கத்தைத் தேடிப்போனவர்களும் ஒரே வாசலில் வந்து நின்றார்கள். மின்யோவுக்கும் யனகிசாவாவுக்கும் 2023-ம் ஆண்டுக்கான 'பிரேக்த்ரூ' பரிசு இதற்காகத்தான் வழங்கப்பட்டது.

மனிதர்களிடம்? 2000-ம் ஆண்டு, நார்கோலெப்ஸி இருந்து இறந்தவர்களின் மூளைகளைப் பரிசோதித்தார்கள். நம் மூளையில் மொத்தம் சுமார் 8,600 கோடி நரம்பு செல்கள் இருக்கின்றன. அவற்றில் ஒரெக்சினைத் தயாரிப்பவை ஏறக்குறைய 70,000 மட்டும். 12 லட்சத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். நோயாளிகளின் மூளையில் அந்தச் செல்களில் 85 முதல் 95 சதவிகிதம் வரை காணாமல் போயிருந்தன. பக்கத்திலேயே இருக்கும் மற்ற செல்கள் பத்திரமாக இருந்தன.

சளி மாத்திரை போட்டால் ஏன் தூக்கம் வருகிறது?

இந்த 70,000 செல்கள் எப்படி மொத்த உடம்பையும் விழிக்க வைக்கின்றன? இவற்றின் நரம்பு இழைகள் மூளை முழுவதும் ஓடுகின்றன. விழிப்பைத் தரும் நார்அட்ரினலின், செரட்டோனின், டோபமைன், ஹிஸ்டமைன் என்று எல்லா ரசாயனங்களையும் சுரக்கும் மையங்களுக்கு இங்கிருந்து கம்பி போகிறது. இதில் ஹிஸ்டமைன் நம் வீட்டுக்குத் தெரிந்த ஆள்தான். சளி, அரிப்பு, அலர்ஜிக்குப் போடும் பழைய வகை மாத்திரைகள் ஹிஸ்டமைனைத் தடுப்பவை. மூக்கில் தடுக்கச் சொன்னால், அவை மூளைக்குள்ளும் போய்த் தடுத்துவிடும். 'மாத்திரை போட்டதும் கண்ணைச் சொருகுது' என்று நாம் சொல்வது அதனால்தான்.

விழிப்புக்கும் தூக்கத்துக்கும் இடையே மூளையில் ஒரு சுவிட்ச் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரெக்சின் அந்த சுவிட்சை 'ஆன்' பக்கமே அழுத்திப் பிடித்திருக்கும் விரல். விரல் போய்விட்டால் சுவிட்ச் லூஸாகிவிடும். பகலில் சட்டென்று அணையும், ராத்திரி திடீரென எரியும். நார்கோலெப்ஸி இருப்பவர்கள் எந்நேரமும் தூங்குபவர்கள் என்று நினைக்கிறோம். உண்மையில் 24 மணி நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் பலரும் மற்றவர்களைவிட ரொம்ப அதிகமாக ஒன்றும் தூங்குவதில்லை. அவர்களின் தூக்கமும் விழிப்பும் துண்டு துண்டாகக் கிடக்கின்றன, அவ்வளவுதான்.

கனவும் இடம் மாறி வருகிறது. சாதாரணமாக நாம் தூங்கி ஒன்று, ஒன்றரை மணி நேரம் கழித்துதான் கனவுத் தூக்கம் வரும். அந்த நேரத்தில் நாம் கனவில் ஓடுவதை நிஜத்தில் ஓடிவிடாமல் இருக்க, மூளை தசைகளைத் தளர்த்திப் போட்டுவிடும். ஒரெக்சின் இல்லாதபோது இந்தத் தளர்ச்சி மட்டும் தனியாகப் பிரிந்து, விழித்திருக்கும்போதே வந்துவிடுகிறது. சிரிக்கும்போது முட்டி மடங்குவது அதுதான்.

தூங்கப்போகும் நேரத்திலோ எழும் நேரத்திலோ நினைவு இருக்கும். ஆனால், கை காலை அசைக்க முடியாது. நெஞ்சின் மேல் யாரோ உட்கார்ந்திருப்பது மாதிரி இருக்கும், நிழல் தெரியும், குரல் கேட்கும். நம் ஊரில் 'அமுக்குவான் பேய்' என்பார்களே, அதேதான். நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பவர்களுக்கும் எப்போதாவது இது வரலாம், பயப்பட வேண்டியதில்லை. ஆனால் அடிக்கடி வருகிறது, கூடவே பகல் தூக்கமும் வாட்டுகிறது என்றால், மந்திரிப்பதோடு நிறுத்திவிடாமல் டாக்டரிடமும் காட்ட வேண்டும்.

உண்ட களைப்பு தொண்டனுக்கும் உண்டு!

ஒரெக்சின் செல்கள் ரத்தத்தில் ஓடும் சர்க்கரையை நேரடியாக உணர்கின்றன என்பது எலிகளில் நடந்த ஆய்வுகளில் தெரியவந்தது. குளுக்கோஸ் கூடினால் இவை அடங்குகின்றன; குறைந்தால் துள்ளி எழுகின்றன. கொழுப்பு செல்கள் சுரக்கும் 'லெப்டின்' ஹார்மோன், 'போதும், கையிருப்பு இருக்கிறது' என்று சொல்லி இவற்றை அடக்குகிறது. காலி வயிறு சுரக்கும் 'கிரெலின்', 'பசிக்கிறது, எழுந்திரு' என்று இவற்றைத் தட்டி எழுப்புகிறது.

காட்டில் இருக்கும் ஒரு பிராணியாக யோசித்தால் இதன் நியாயம் புரியும். பசியோடு படுத்துத் தூங்கிவிட்டால் செத்துப்போகும். எழுந்து, கவனமாக, இரை தேட வேண்டும். வயிறு நிறைந்த பிறகு அலைவது வீண். ஒரெக்சின் செல்களை அழித்த எலிகளைப் பட்டினி போட்டபோது, சாதாரண எலிகளைப்போல அவை கூடுதலாக விழித்திருந்து உணவு தேடவில்லை. வெறும் வயிற்றோடு படுத்தால் புரண்டு புரண்டு படுக்கிறோமே, அதற்குப் பின்னாலும் இந்த ஏற்பாடு இருக்கலாம்.

மதியம் ஒரு மணிக்கு சாம்பார், ரசம், மோர் என்று மூன்று ரவுண்டு சோறு முடித்த பிறகு வரும் அந்தச் சுகமான கிறக்கத்தில் ஒரெக்சின் செல்கள் அடங்குவதற்கும் ஒரு பங்கு உண்டு என்று கருதுகிறார்கள். முழுப் பழியையும் சோற்றின் மேல் போட முடியாது. பிற்பகலில் உடம்பின் கடிகாரமே கொஞ்சம் இறங்கும். சாப்பிடாதவர்களுக்கும் அந்நேரம் கண் சொக்கும். எலிகளின் மூளையில் செய்த இன்னொரு ஆய்வில், புரதத்தின் அமினோ அமிலங்கள் ஒரெக்சின் செல்களைத் தூண்டின என்று வந்திருக்கிறது. சாதத்தைக் குறைத்துச் சுண்டலையும் முட்டையையும் கூட்டிப் பார்ப்பதில் தப்பில்லை. ஆனால் எலியில் பார்த்ததை வைத்து நம் தட்டுக்கு உத்தரவாதம் தர முடியாது.

எடை விஷயத்தில் இன்னொரு முரண் இருக்கிறது. ஒரெக்சின் பசியைத் தூண்டும் என்றால், அது இல்லாதவர்கள் மெலிய வேண்டும். நடப்பது நேர்மாறு. ஒரெக்சின் செல்களை இழந்த எலிகள் குறைவாகச் சாப்பிட்டும் குண்டாயின. நார்கோலெப்ஸி இருப்பவர்களிடமும் உடல் பருமன் அதிகமாகக் காணப்படுகிறது. ஒரெக்சின் பசியை மட்டும் தூண்டுவதில்லை; உடம்பை ஓட வைத்து, சக்தியைச் செலவழிக்கவும் வைக்கிறது. வரவைவிடச் செலவு அதிகமாகக் குறைந்தால், மிச்சம் இடுப்பில்தான் சேரும்.

குழந்தைகளிடம் இது இன்னும் கண்கூடாகத் தெரியும். நோய் தொடங்கும் சில மாதங்களிலேயே கிடுகிடுவென எடை போடும் குழந்தைகள் உண்டு. சிலர் வழக்கமான வயதுக்கு முன்னதாகவே பருவம் அடைவதும் மருத்துவ ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. வீட்டில் என்ன சொல்வோம்? 'தின்னுட்டுத் தின்னுட்டுத் தூங்குறா, அதான் உடம்பு வெயிட் போடுது.' காரணத்தையும் விளைவையும் அப்படியே தலைகீழாகப் புரிந்துகொண்டு பிள்ளையைத் திட்டிக்கொண்டிருப்போம்.

நோய் இல்லாத நமக்கும் இந்த முடிச்சு பொருந்தும். 2004-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான 12 இளைஞர்களை இரண்டு இரவுகள் 4 மணி நேரம் மட்டும், வேறு இரண்டு இரவுகள் 10 மணி நேரம் படுக்க விட்டார்கள். தூக்கம் குறைந்தபோது, 'போதும்' என்று சொல்லும் லெப்டின் 18 சதவிகிதம் குறைந்தது. 'பசிக்கிறது' என்று சொல்லும் கிரெலின் 28 சதவிகிதம் கூடியது. பசி 24 சதவிகிதம் கூடியதாக அவர்களே சொன்னார்கள். குறிப்பாக இனிப்பும் நொறுக்குத்தீனியும் கேட்டது நாக்கு. சின்ன ஆய்வுதான். பின்னால் வந்த எல்லா ஆய்வுகளிலும் இதே எண்கள் வரவில்லை. ஆனால், தூக்கம் குறைந்தால் கூடுதலாகச் சாப்பிடுகிறோம் என்பது மட்டும் திரும்பத் திரும்ப உறுதியானது. ராத்திரி 1 மணிக்கு ரீல்ஸ் தள்ளிக்கொண்டே பிஸ்கட் பாக்கெட்டைத் தேடும் கைக்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

செல்களை யார் அழிப்பது?

பெரும்பாலும் நம் உடம்பேதான். நோய் எதிர்ப்பு மண்டலம் ஆள் மாறி, சொந்த செல்களையே தாக்குகிறது என்பதற்கான ஆதாரங்கள் வலுவாக இருக்கின்றன. ஒரெக்சின் இழப்பால் வரும் நார்கோலெப்ஸி நோயாளிகளில் 90 சதவிகிதத்துக்கும் மேலானவர்களிடம் நோய் எதிர்ப்போடு தொடர்புடைய ஒரு குறிப்பிட்ட மரபணு வகை இருக்கிறது. அது இருந்தாலே நோய் வரும் என்று அர்த்தமில்லை. அதே வகை இருக்கும் பெரும்பாலானோர் நன்றாகத்தான் இருக்கிறார்கள். பொறி தட்ட வேறு ஏதாவது வேண்டும். பெரும்பாலும் ஒரு தொற்று.

2009-10-ல் உலகமே பன்றிக்காய்ச்சலில் தவித்தது. அந்தச் சமயம் ஃபின்லாந்திலும் ஸ்வீடனிலும் 'பாண்டெம்ரிக்ஸ்' என்ற தடுப்பூசி போட்ட குழந்தைகளிடமும் பதின்ம வயதினரிடமும் நார்கோலெப்ஸி பல மடங்கு கூடியது தெரியவந்தது. அது இப்போது பயன்பாட்டில் இல்லை. மறுபக்கம், சீனாவில் அந்தப் பன்றிக்காய்ச்சல் அலைக்குப் பிறகு நார்கோலெப்ஸி நோயாளிகள் அதிகரித்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் தடுப்பூசியே போடாதவர்கள். அதாவது, காய்ச்சலே இந்தப் பொறியைத் தட்டக்கூடியது. முதல் பாதியை மட்டும் வெட்டி வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, 'எந்தத் தடுப்பூசியும் வேண்டாம்' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

தூங்க வைக்க ஒரு மாத்திரை, விழிக்க வைக்க ஒன்று

ஒரெக்சினைப் பற்றித் தெரிந்ததும் மருந்து கம்பெனிகள் முதலில் ஓடிய திசை வேடிக்கையானது. விழிப்பு குறைந்தவர்களுக்கு மருந்து கண்டுபிடிக்கும் முன், தூக்கம் வராதவர்களுக்கு மாத்திரை வந்துவிட்டது! ஒரெக்சின் பூட்டை அடைத்துவிட்டால் தூக்கம் வருமே என்ற யோசனையில் பிறந்த சுவோரெக்ஸன்ட்டுக்கு 2014-ல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. பிறகு 2019-ல் லெம்போரெக்ஸன்ட், 2022-ல் டாரிடோரெக்ஸன்ட். பூட்டை அடைப்பது சுலபம்; அதைத் திறக்கும் செயற்கைச் சாவியைச் செய்வதுதான் கஷ்டம். ஒரெக்சினையே மாத்திரையாகக் கொடுக்கலாமே என்றால், பெப்டைடு என்பதால் அது வயிற்றிலேயே செரித்துவிடும்; ரத்தத்தில் ஏற்றினாலும் மூளைக்குள் எளிதில் நுழையாது.

அதனால் நார்கோலெப்ஸிக்கு இத்தனை காலமும் சுற்றுவழி மருந்துகள்தான். பகலில் விழிப்புக்கு மோடஃபினில் போன்றவை, தசைத் தளர்ச்சிக்கு மனச்சோர்வுக்கான சில மருந்துகள், இரவுத் தூக்கத்தைச் சீராக்க சோடியம் ஆக்ஸிபேட் என்று கொடுப்பார்கள். இவை அறிகுறிகளைக் கட்டுப்படுத்தும். காணாமல் போன ஒரெக்சினை ஈடுகட்டாது. மோடஃபினிலை பரீட்சை நேரத்தில் 'படிக்கிற மாத்திரை' என்று வாங்கிப் போடும் பழக்கம் உலகெங்கும் மாணவர்களிடம் இருக்கிறது. இது டாக்டர் சீட்டு இல்லாமல் தொடவே கூடாத மருந்து.

நிஜமான சாவியைச் செய்யும் முயற்சியில் ஜப்பானின் டகேடா நிறுவனம் முன்னால் நிற்கிறது. அதன் முதல் மாத்திரை நன்றாகவே வேலை செய்தது. ஆனால் சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதால் 2021-ல் ஆய்வு பாதியில் நிறுத்தப்பட்டது. அடுத்து வந்தது ஓவெபோரெக்ஸ்டான். 112 நோயாளிகளிடம் நடந்த இரண்டாம் கட்ட ஆய்வு 2025-ல் வெளியானது. மங்கலான, அமைதியான அறையில் உட்கார வைத்து, 40 நிமிடங்களில் எவ்வளவு நேரம் தூங்காமல் இருக்கிறார்கள் என்று பார்ப்பது ஒரு பரிசோதனை. மருந்தின் சில அளவுகளில் அந்த நேரம் சராசரியாக 20 நிமிடங்களுக்கு மேல் கூடியது. சில நிமிடங்களில் சரிந்துவிடுபவர்களுக்கு அது பெரிய விஷயம். கல்லீரல் பிரச்னை இந்த ஆய்வில் தென்படவில்லை. தூக்கமின்மையும் அடிக்கடி சிறுநீர் வருவதும் பக்கவிளைவுகளாக இருந்தன. மூன்றாம் கட்ட ஆய்வுகளும் வெற்றி என்று 2025 ஜூலையில் அந்த நிறுவனம் அறிவித்தது.

எப்போது சந்தேகப்பட வேண்டும்?

பகலில் தூக்கம் வருகிறவர்கள் எல்லோருக்கும் நார்கோலெப்ஸி என்று முடிவு கட்டிவிட வேண்டாம். இது சுமார் 2,000 பேரில் ஒருவருக்கு வரும் நோய். பெரும்பாலானவர்களுக்குக் காரணம், போதுமான அளவு தூங்காததுதான். அடுத்தது, குறட்டையோடு இரவில் மூச்சு நின்று நின்று வரும் 'ஸ்லீப் அப்னியா'. ரத்தசோகை, தைராய்டு குறைபாடு, மனச்சோர்வு, சாப்பிடும் மாத்திரைகள் என்று வேறு காரணங்களும் உண்டு.

ஆனால், 10 முதல் 25 வயதுக்குள் இருக்கும் ஒருவர் இரவு எட்டு மணி நேரம் தூங்கியும், மூன்று மாதங்களுக்கு மேலாகத் தினமும் வகுப்பிலோ பஸ்ஸிலோ சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதோ தூங்கிப்போகிறார் என்றால் கவனிக்க வேண்டும். சிரிக்கும்போதோ கோபப்படும்போதோ முகம் தொங்குகிறது, கால் மடங்குகிறது என்றால் தள்ளிப்போடவே கூடாது. அறிகுறி தொடங்கிப் பத்தாண்டுகள் கழித்து நோய் கண்டுபிடிக்கப்படுவது உலகெங்கும் சாதாரணம். அந்தப் பத்தாண்டில் பிளஸ் டூ, கல்லூரி, முதல் வேலை எல்லாம் வந்து போய்விடும். 'சோம்பேறி' என்ற பட்டம் மட்டும் தங்கிவிடும். சிலருக்கு வலிப்பு என்றும், வேறு சிலருக்கு மனநோய் என்றும் தவறாக மருந்து கொடுக்கப்படுவதும் நடக்கிறது.

வீட்டிலேயே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எப்வொர்த் அளவுகோல் என்று பெயர். புத்தகம் படிக்கும்போது, டி.வி பார்க்கும்போது, ஒரு மணி நேரம் வண்டியில் பயணிக்கும்போது, மதியச் சாப்பாட்டுக்குப் பின் சும்மா உட்கார்ந்திருக்கும்போது என எட்டுச் சூழ்நிலைகள். ஒவ்வொன்றிலும் கண்ணயர எவ்வளவு வாய்ப்பு என்று பூஜ்யம் முதல் 3 வரை மார்க் போட வேண்டும். மொத்தம் 24-க்கு 10-ஐத் தாண்டினால், பகல் தூக்கம் அளவுக்கு அதிகம். இது நோயைச் சொல்லாது. டாக்டரைப் பார்க்கலாம் என்று மட்டும் சொல்லும்.

நரம்பியல் மருத்துவரையோ நுரையீரல் மருத்துவரையோ, தூக்க ஆய்வகம் இருக்கும் மருத்துவமனையில் பார்ப்பது நல்லது. இரண்டு வாரம் எப்போது படுத்தோம், எப்போது எழுந்தோம், பகலில் எங்கே தூங்கினோம் என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போங்கள். கால் மடங்கும் தருணத்தை செல்போனில் வீடியோ எடுக்க முடிந்தால், அதுவே டாக்டருக்குப் பாதி விடை. முதலில் ஓர் இரவு முழுவதும் ஆய்வகத்தில் தூங்க வைத்து மூளை அலை, மூச்சு, கண் அசைவு எல்லாவற்றையும் பதிவு செய்வார்கள். மறுநாள் பகலில் இரண்டு மணி நேர இடைவெளியில் நான்கைந்து முறை படுக்கச் சொல்வார்கள். சராசரியாக 8 நிமிடங்களுக்குள் தூங்கிவிட்டு, இரண்டு முறையாவது நேராகக் கனவுத் தூக்கத்துக்குள் போனால், நார்கோலெப்ஸிக்கு வாய்ப்பு அதிகம். முதுகில் ஊசி போட்டு எடுக்கும் தண்டுவட நீரில் ஒரெக்சின் அளவைப் பார்க்கும் பரிசோதனையும் உண்டு. எல்லோருக்கும் அது தேவைப்படாது.

நோய் உறுதியானால், சிகிச்சை கட்டுக்குள் கொண்டுவரும் வரை பைக், கார் ஓட்டுவது, நீச்சல், உயரத்தில் நின்று செய்யும் வேலை எல்லாவற்றையும் தள்ளி வைக்கச் சொல்வார்கள். மருந்தோடு சேர்த்து, பகலில் நேரம் குறித்து 15 முதல் 20 நிமிடங்கள் குட்டித் தூக்கம் போடுவதும் சிகிச்சைதான். பள்ளி மாணவராக இருந்தால், மதிய இடைவேளையில் இந்தத் தூக்கத்துக்கு அனுமதி கேட்டு டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கி வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடலாம். தேர்வு அட்டவணை வரும்போது, இரண்டு தேர்வுகளுக்கு நடுவே அந்த 20 நிமிடம் கிடைக்குமா என்று அப்போதே பேசி வைத்துக்கொள்வது நல்லது.